அடைபட்ட அச்சுத்தலை: எறிவதற்கு முன்

2020 ஆம் ஆண்டில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டுப் பாடங்கள் இல்லங்களுக்கே வந்து சேர்ந்த நாள் முதலாக, நம் பங்குகளில் எத்தனையோ குடும்பங்கள் இங்க்ஜெட் பிரிண்டர் என வழங்கும் மைத்தெளிப்பு அச்சுப்பொறியை வாங்கி வைத்திருக்கின்றன. பங்கு அலுவலகங்களிலும் அது நிலையான இடம் பெற்றுவிட்டது. தவக்காலத்தில் சிலுவைப்பாதைத் தாள்களும், உயிர்ப்புப் பெருவிழாவிற்குப் பாடல் தாள்களுமாக ஓய்வின்றி உழைக்கும் அவ்வியந்திரம், பின்னர் மே மாத வெயிலில் வாரக்கணக்கில் வாளாவிருக்கும். ஜூன் மாதத்தில் பள்ளிச் சேர்க்கைக்கென ஒருவர் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வந்து நிற்கும்பொழுது, எழுத்துகளின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. அல்லது தாள் வெறுமையாகவே வெளிவருகின்றது.

"ஹெட் போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்னும் மறுமொழியே கடைகளில் பெரும்பாலும் கிடைக்கின்றது. சில மாதிரிகளில் அச்சுத்தலையின் விலை இயந்திரத்தின் விலையையே நெருங்கிவிடுவதால், முழு இயந்திரமும் குப்பைக்குப் போகின்றது. அவ்வாறு எறியப்படுவனவற்றுள் பல உண்மையில் பழுதுபட்டவை அல்ல, மை உலர்ந்தவையே. உலர்ந்த மையைக் கரைக்க வேண்டியது வலிமையன்று. தக்க நீரும், போதிய நேரமுமே.

அச்சுத்தலை என்பது என்ன? நூற்றுக்கணக்கான நுண்துளைகள் வரிசையாக அமைந்த ஒரு சிறு தகடு. ஒவ்வொரு துளையும் பல மாதிரிகளில் ஏறத்தாழ 20 மைக்ரான் அகலமே உடையது; நம் தலைமயிரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு எனலாம். இத்துளைகளினின்று மை வெளிவரும் முறை இருவகைப்படும். 1977 ஆம் ஆண்டில் ஜப்பானியக் கேனன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரம்பிய ஊசியின்மேல் தற்செயலாகப் பட, ஊசிமுனையிலிருந்து மை தெறித்தது. அதனினின்றே இச்சிரோ எண்டோவும் அவருடன் பணியாற்றியோரும் வெப்பத்தால் குமிழி எழுப்பி மையைத் தள்ளும் முறையை உருவாக்கினர். எப்சன் நிறுவனத்தின் இயந்திரங்களோ வேறு வழியைப் பின்பற்றுகின்றன: மின்சாரம் பாயும்பொழுது வளையும் ஒரு நுண்ணிய பொருள், மையை அழுத்தி வெளியேற்றுகின்றது. முதல் வகையில் மை இல்லாது ஓட்டினால் சூடேற்றும் உறுப்பு எரிந்துபோகக்கூடும். இரண்டாம் வகையில் வெளியிலிருந்து மிகுந்த அழுத்தம் கொடுத்தால் உள்ளுறுப்பு சிதையக்கூடும். ஆக, இரண்டுமே முரட்டுக் கைக்கு ஏற்றவை அல்ல.

மையிலும் இரு வகை உண்டு. டை எனப்படும் சாய மை நீரில் முற்றும் கரைந்தது. ஆதலால் உலர்ந்தாலும் எளிதில் இளகும். பிக்மெண்ட் எனப்படும் துகள் மை, நீரில் மிதக்கும் நுண்பொடியாலும் அதனைத் தாளோடு ஒட்டவைக்கும் பிசினாலும் ஆனது. சான்றிதழின்மேல் நீர் சிந்தினும் எழுத்து அழியாதிருக்க வேண்டுமாயின் துகள் மையே சிறந்தது என்பது என் எண்ணம். ஆயினும், நீருக்கு அஞ்சாத அந்த நற்குணமே துளைக்குள் உலர்ந்தபின் பிடிவாதமாக மாறிவிடுகின்றது. பல இயந்திரங்களில் வண்ணங்கள் யாவும் ஒழுங்காக வர, கறுப்பு மட்டும் அடைபட்டு நிற்பதற்கு இதுவே காரணம்.

வைத்தியத்திற்கு முன் நோயைச் சரியாக அறிதல் வேண்டும். நாசில் செக் என்னும் சோதனைத் தாளை இருமுறை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இடைவெளிகள் அதே இடத்தில் இருப்பின், அது அடைப்பு. இடைவெளிகள் ஒவ்வொரு முறையும் இடம் மாறினால், மைக்குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். அதற்குத் திரவம் உதவாது, மைத்தொட்டியின் அளவைப் பார்த்துவிட்டு ஓர் இரவு பொறுத்திருப்பதே உதவும். ஹெட் கிளீனிங் என்னும் ஏற்பாட்டை இரண்டு அல்லது மூன்று முறை இயக்கிப் பார்க்கலாம். அதற்குமேல் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவது வீண் செலவு. ஒவ்வொரு முறையும் நல்ல மையும் உறிஞ்சப்பட்டு, உள்ளிருக்கும் கழிவு மைப் பஞ்சில் கொட்டப்படுகின்றது. அப்பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தால், இயந்திரம் அச்சிடவே மறுத்துவிடும்.

இனி, எந்தத் திரவம்? அச்சுத்தலைக்கென்றே விற்கப்படும் திரவங்களில் பெரும்பகுதி தூய நீரே. அதனுடன் உலராமல் காக்கும் கிளைக்கால் போன்ற பொருளும், அழுக்கை இளக்கும் பொருளும், சிலவற்றில் சிறிது ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்திருக்கும். உங்கள் இயந்திரத்தின் மை வகைக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்டதையே வாங்குங்கள். சாய மையின் எளிய அடைப்பிற்குக் காய்ச்சி வடித்த நீரே பல வேளைகளில் போதும்; பாட்டரிக்கு ஊற்றுவதற்கென விற்கும் நீர் அதுவே. (கடையில் அருகிலேயே பாட்டரி அமிலமும் இருக்கும், பெயரைப் படித்து வாங்குக.) குழாய்நீரைக் கொதிக்கவைத்து ஆற்றினாலும் அதிலுள்ள உப்பு நீங்குவதில்லை, கடையில் விற்கும் குடிநீரிலும் உப்புகள் உண்டு. இவை உலர்ந்தால் புதிய அடைப்பாகும். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். மருந்துக்கடை ஆல்கஹாலைத் தனியே ஊற்றினால் சில துகள் மைகள் கரைவதற்கு மாறாகத் திரண்டுவிடும். அனுபவம் என்று சொல்லிக்கொண்டு சிலர் இவற்றையே முதலில் எடுப்பது வருந்தத்தக்கது.

அச்சுத்தலை கார்ட்ரிட்ஜின் அடியிலேயே அமைந்திருக்குமாயின் வேலை எளிது. அதனைக் கழற்றி, வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளின்மேல், துளைகள் கீழ்நோக்க ஐந்து நிமிடம் வைத்து, உலர்ந்த தாளில் மெல்ல ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டா. தாளில் மை பட்டையாகப் படிந்தால் துளை திறக்கின்றது என்று பொருள். செம்பு நிறத் தொடுமுனைகளில் விரலோ ஈரமோ படலாகாது.

தொட்டியில் மை நிரப்பும் இயந்திரங்களுள் பலவற்றில் தலை எளிதில் கழற்ற இயலாதவாறு உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். இங்கேதான் பொறுமை வேண்டும். மூடியைத் திறந்து, மைதாங்கி நடுவே நகர்ந்து வந்த வேளையில் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். இப்பொழுது அதனைக் கையால் மெல்ல நகர்த்தலாம். நகர மறுத்தால் வற்புறுத்தலாகாது. அது ஓய்வெடுக்கும் ஓரத்தில் ரப்பர் விளிம்புள்ள ஒரு சிறு மூடியும், அதற்குள் பஞ்சும் தெரியும். அப்பஞ்சு நனையுமளவு சில துளித் திரவம் விடுங்கள், வழியக் கூடாது. பின் மைதாங்கியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தி, மின்சாரம் இன்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் ஒரேயொரு முறை ஹெட் கிளீனிங், பின்னர் சோதனைத் தாள். முன்னேற்றம் தெரிந்தால் மீண்டும் ஓர் இரவு.

எம் பங்கில் கணவரை இழந்த ஒரு தாய், பேருந்து நிறுத்தத்தருகே விண்ணப்பங்கள் நிரப்பி அச்செடுத்துக் கொடுத்து இரு பிள்ளைகளைப் படிக்கவைக்கின்றார். அவருடைய இயந்திரத்தில் கறுப்பு நின்றுபோயிற்று. கடைக்காரர் சொன்ன தொகை அவருடைய இரண்டு மாத மிச்சத்தைவிட அதிகம். ஊசிக்குழலால் பீச்சினால் உடனே திறந்துவிடும் என்று யாரோ கூற, அதனையும் வாங்கி வைத்திருந்தார். "இன்னும் மூன்று நாள் கடையை மூடி வைத்தால் அடுப்பு எரியாது, சாமி" என்றார். அவருடைய அவசரம் நியாயமானதே. ஆயினும் ஊசிக்குழலின் அழுத்தம் தலையைச் சிதைக்கலாம். வழியும் திரவம் மின்சுற்றில் இறங்கலாம். அலுவலக அச்சுப்பொறியை அவர் வேலைக்குக் கொடுத்துவிட்டு, அவருடையதை மேற்கூறிய முறையில் ஊறவைத்தோம். முதல் இரவில் பாதி வரிகள் தெரிந்தன. மூன்றாம் இரவிற்குப்பின் இரண்டு வரிகள் தவிர அனைத்தும் வந்தன. அவ்விரண்டும் இன்றளவும் வரவில்லை. விண்ணப்பம் படிக்கத் தெளிவாக இருக்கின்றது. அவருக்கு அது போதும்.

நான்கைந்து இரவுகள் ஊறியும் சிறிதும் மாற்றம் இல்லையெனில், எரிந்துபோன தலையாகவோ மின்சுற்றுக் கோளாறாகவோ இருக்கலாம். அதற்குமேல் திரவத்திற்குச் செலவிடாமல், அதனை மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படைப்பதே முறை.

தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. இத்திரவங்களுட் சில நீல நிறத்தில் பானம்போல் காணப்படும். மீதியைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குழந்தைகள் அதனைக் குடித்துவிடும் அபாயம் பெரிது. வாங்கிய புட்டியிலேயே, எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆல்கஹால் கலந்த திரவம் தீப்பற்றக்கூடியது. வீட்டுப் பீடத்தின் மெழுகுவர்த்திக்கும் சமையல் அடுப்பிற்கும் அருகில் இவ்வேலை கூடாது. சன்னல்களைத் திறந்துவையுங்கள், கையுறை அணியுங்கள். அம்மோனியா கலந்த திரவம் குளியலறைக்கு ஊற்றும் பிளீச்சிங் கரைசலோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சுவாயு எழும். ஒரே வாளியில் இரண்டையும் கொட்டுவதும் தகாது. மீண்டும் மின்சாரம் கொடுக்குமுன், சிந்திய ஈரம் முற்றும் உலர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் அடைபடாதிருக்க வாரம் ஒருமுறை எல்லா வண்ணமும் வரும்படி ஒரு தாள் அச்சிட்டால் போதும். அணைக்கும்பொழுது இயந்திரத்தின் பொத்தானை முதலில் அழுத்தி, ஓசை அடங்கிய பின்னரே சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்துங்கள். பொத்தானை அழுத்தினால்தான் தலை தன் ரப்பர் மூடிக்குள் சென்று அமரும். சுவிட்சை நேரே நிறுத்தினால் தலை காற்றில் திறந்தபடி நின்று, இரவெல்லாம் உலரும். அச்சிடும் நடுவே மின்வெட்டு நேர்ந்தாலும் இதே நிலைதான். மின்சாரம் திரும்பியதும் இயந்திரத்தை ஒருமுறை இயக்கி, பொத்தானால் முறையாக அணைத்துவிடுங்கள்.