பிழையையும் பேணும் பிரதி
பழைய விளையாட்டுப் பொறிகளைக் கணனியில் மீட்டெடுப்போரின் நெடும் உழைப்பு

1990களில் ஐரோப்பிய நகரங்களில் வளர்ந்த எமது பிள்ளைகள் பலருக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி நினைவிலிருக்கும். தொலைக்காட்சியோடு இணைத்து, கசெற்றைச் செருகி விளையாடும் 'சுப்பர் நின்ரெண்டோ' என்னும் பொறியே அது. வதிவிட அனுமதிக்காகப் பெற்றோர் காத்திருந்த நாட்களில், மொழி புரியாத அயல்வீட்டுப் பிள்ளையோடு நட்புக் கொள்வதற்கு அதுவும் ஒரு வழியாயிற்று. அப்பிள்ளைகள் இன்று தாமே பெற்றோராகிவிட்டனர். தாம் விளையாடியதைத் தம் மக்களுக்குக் காட்ட விரும்பும்போது, அவர்கள் கணனியில் 'எமுலேற்றர்' எனப்படும் நிரலை நாடுகின்றனர். மரியோ துள்ளுகிறார், பழைய இசை ஒலிக்கிறது. ஆயினும் சிலரது மனத்தில் ஓர் ஐயம் எழுகிறது: அன்று இது இவ்வளவு விரைவாகவா ஓடியது?

இந்த ஐயம் பொருளற்றதன்று. அதற்கு விடை தேடப் புகுந்தால், ஒரு பொருளை 'உள்ளவாறே' படியெடுத்தல் என்பது எத்துணை கடினமான பணி என்பது புலனாகும். அப்பணிக்கெனத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டோரின் கதையையே நாம் இங்கு கூற விழைகிறோம்.

குறுக்குவழியில் பிறந்த பிரதிகள்

ஒரு பொறியின் வேலையை வேறொரு பொறியில் நடத்திக் காட்டும் நிரலே எமுலேற்றர். யப்பானில் 1990 நவம்பர் 21ஆம் நாள் விற்பனைக்கு வந்து, 1992 இல் ஐரோப்பாவை அடைந்த சுப்பர் நின்ரெண்டோவின் மையச் செயலி, மிகுந்த வேகத்தில் இயங்கும்போதும் 3.58 மெகாஹேர்ட்ஸ் அளவையே எட்டியது. இன்றைய கைபேசியின் முன் இது ஒரு பொருட்டே அல்ல. எனினும் அப்பெட்டியினுள் ஒன்றல்ல, பல சில்லுகள் இருந்தன. மையச் செயலி ஒருபுறம். படம் வரையும் சில்லுகள் இரண்டு மறுபுறம். சோனி நிறுவனத்தின் கென் குத்தராகி வடிவமைத்த ஒலிப்பகுதி, தனக்கெனத் தனிச் செயலியோடு வேறொருபுறம். இவை யாவும் ஒரே கணத்தில், ஒன்றுக்கொன்று காத்திராமல் உழைத்தன.

1997 இல் வெளிவந்த 'இசட்ஸ்நெஸ்' போன்ற எமுலேற்றர்கள் அக்காலக் கணனிகளுக்கு ஏற்பவே எழுதப்பட்டன. அன்றைய கணனிகளின் ஆற்றல் சிறிது. ஆகவே அந்நிரல்கள் குறுக்குவழிகளைக் கையாண்டன. செயலியின் கட்டளையொன்றை முழுமையாக முடித்த பின்னரே பிற சில்லுகளின் நிலையைக் கவனித்தன. திரையின் கிடைக்கோடு ஒன்றைப் புள்ளி புள்ளியாக வரையாமல், ஒரே வீச்சில் வரைந்தன. பெரும்பாலான விளையாட்டுகள் இதனால் குறைவுபடவில்லை. குறைவுபட்டவற்றுக்கோ, இன்ன விளையாட்டெனில் இன்ன மாற்றத்தைச் செய் எனத் தனித்தனி ஒட்டுவேலைகள் நிரலுக்குள் புகுத்தப்பட்டன. பிரபலமான விளையாட்டுகள் இவ்வாறு கவனிக்கப்பட்டன. யாரும் அதிகம் விளையாடாதவை கவனிப்பாரற்றுக் கிடந்தன.

ஏடுகளைப் பெயர்த்தெழுதியோர், தமக்குப் பொருள் விளங்காத சொல்லைத் தம் அறிவுக்கேற்பத் திருத்திவிட்டதனால் மூலபாடம் மறைந்துபோன கதைகளை எமது பதிப்பு வரலாறு நன்கறியும். ஒட்டுவேலையும் அத்தகையதே. பார்வைக்குக் குறையில்லை, ஆனால் அது மூலம் அன்று.

ஒரு நிழலும் ஒரு பொத்தானும்

'பியூ' என்றும் பின்னாளில் 'நியர்' என்றும் புனைபெயர் பூண்ட அமெரிக்க நிரலாளர் ஒருவர், 2004 இல் வேறொரு வழியைத் தேர்ந்தார். 'பீஸ்நெஸ்' எனத் தாம் பெயரிட்ட எமுலேற்றரில் எந்த விளையாட்டுக்கும் தனிச்சலுகை இராது. மூலப் பொறியின் ஒவ்வொரு துடிப்பையும் பின்பற்றினால் எல்லா விளையாட்டுகளும் தாமாகவே சரியாக ஓடும் என்பது அவரது துணிபு.

இதன் தேவையை இரண்டு எடுத்துக்காட்டுகள் விளக்கும். 'எயர் ஸ்ட்ரைக் பற்றோல்' என்னும் விளையாட்டில் பறக்கும் விமானத்தின் கீழே ஒரு நிழல் விழும். திரையின் கோடு பாதி வரையப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையிலேயே படச்சில்லின் அமைப்பை மாற்றி, நிரலாளர்கள் அந்நிழலை உண்டாக்கியிருந்தனர். கோட்டை ஒரே வீச்சில் வரையும் எமுலேற்றர்களில் விமானம் பறந்தது. நிழல் மட்டும் விழவில்லை. நிழல் இருந்ததென்பதை அறியாதவர், அது இல்லையென்பதையும் அறியமாட்டார்.

'ஸ்பீடி கொன்சாலஸ்' விளையாட்டில் வேறொரு விந்தை. அதன் பிற்பகுதிக் கட்டமொன்றில் ஒரு பொத்தானைத் தொட்டதும், எமுலேற்றர்கள் அனைத்தும் உறைந்து நின்றன. மூலப் பொறியில் அவ்வாறு நிகழவில்லை. விளையாட்டை எழுதியோர் செய்த பிழையொன்றினால், செயலியானது எதுவுமே இல்லாத நினைவக முகவரி ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அங்கு எதுவும் இல்லாமையால், தரவுப் பாதையில் இறுதியாகச் சென்ற மதிப்பே எதிரொலிபோலத் திரும்பி வருகிறது. படச்சில்லுக்கான தரவு மாற்றமொன்று மிகச் சரியான கணத்தில் குறுக்கிடும்போது அம்மதிப்பு மாற, செயலி அச்சுழலிலிருந்து தப்புகிறது. ஆகவே, அந்தத் தற்செயலையும் அதே கணத்தில் நிகழ்த்திக் காட்டும் பிரதியில்தான் அவ்விளையாட்டை முடிக்க இயலும். மூலத்தின் செம்மையை மட்டுமன்றி, அதன் பிழையையும் பேணியாக வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்தகைய நுணுக்கத்துக்குக் கொடுத்த விலையும் பெரிது. ஒரே வேளையில் உழைக்கும் பல சில்லுகளை ஒரு நிரல் நடித்துக் காட்டவேண்டின், நொடிக்குப் பல இலட்சம் தடவை ஒன்றை நிறுத்தி இன்னொன்றை இயக்கவேண்டும். 3.58 மெகாஹேர்ட்ஸ் செயலியைச் சரிவரப் போலச்செய்வதற்கு 3 கிகாஹேர்ட்ஸ் கணனி, அதாவது எண்ணிக்கையில் ஏறத்தாழ எண்ணூறு மடங்கு, தேவைப்படுகிறதென அவர் 2011 இல் எழுதினார். இது வீண் ஆடம்பரம் எனப் பலர் எள்ளினர்.

மொழிபெயர்ப்பாளரின் பாடம்

எள்ளியோர் கவனியாத ஒன்றுண்டு. யப்பானிய மொழியில் மட்டும் வெளிவந்த விளையாட்டுகளை ஆர்வலர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வந்தனர். பியூவும் அவர்களுள் ஒருவரே. 1996 இல் வெளியான 'பகமுத் லகூன்' விளையாட்டைச் செம்மையாக மொழிபெயர்க்க அவர் பல்லாண்டுகள் முயன்று, 2021 இலேயே நிறைவு கண்டார். இம்மொழிபெயர்ப்பாளர்கள் தமது உழைப்பை எமுலேற்றரிலேயே சோதித்துப் பார்த்தனர். திரை வரையப்படும் வேளையில் பட நினைவகத்தில் எழுதுவதற்கு மூலப் பொறி இடங்கொடாது. பழைய எமுலேற்றர்களோ இடங்கொடுத்தன. விளைவு யாது? கணனியில் அழகாகத் தோன்றிய மொழிபெயர்ப்பு, உண்மையான பெட்டியில் சிதைந்து நின்றது. பிழையான பிரதியை நம்பி எழுதப்பட்டவை, மூலத்தில் செல்லாக்காசாயின.

வேறு சில கசெற்றுகளுக்குள்ளேயே ஒரு துணைச்சில்லு மறைந்திருந்தது. 'பைலற்விங்ஸ்', 'சுப்பர் மரியோ காட்' ஆகியவற்றில் இருந்த 'டி.எஸ்.பி.-1' அத்தகையது. அதன் கணிப்புகளை நெடுங்காலம் ஊகத்தாலேயே நிரப்பினர். பின்னர் ஆர்வலர்கள் பணந்திரட்டி, சில்லின் மேலோட்டை அமிலத்தால் கரைத்து, உருப்பெருக்கியின் கீழ் படம்பிடித்து, உள்ளே பதிந்திருந்த நிரலையே வாசித்தெடுத்தனர். ஊகம் அகன்று, உண்மை அவ்விடத்தில் அமர்ந்தது.

கசெற்றுகளின் உள்ளடக்கமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. கைமாறிக் கைமாறி வந்த பிரதிகளில் எவை திருத்தப்பட்டவை, எவை மூலம் எனத் தெளிவதற்காக, அமெரிக்காவில் வெளியான கசெற்றுகளை முழுமையாகத் திரட்டி, ஒவ்வொன்றாக மீண்டும் படியெடுத்தார் பியூ. 2017 இல் அதே நோக்கோடு ஐரோப்பாவிலிருந்து அவருக்கு அனுப்பப்பட்ட, ஏறத்தாழ நூறு கசெற்றுகள் அடங்கிய பொதி, அஞ்சலில் தொலைந்துபோனது. அவை வேறொருவர் நம்பி இரவலாகக் கொடுத்தவை. பின்னர் அப்பொதி கண்டெடுக்கப்பட்டமை அனைவருக்கும் ஆறுதலளித்தது.

ஐரோப்பியப் பிள்ளையின் நினைவு

இனி, தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு வருவோம். யப்பானிலும் வட அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பித்தது. ஐரோப்பாவிலோ 50 தடவை. விளையாட்டுகள் இக்கணக்கையே தமக்குத் தாளமாகக் கொண்டிருந்தன. ஐரோப்பியப் பதிப்புக்கெனப் பலவற்றை எவரும் சீர்செய்யாமையால், அவை ஏறத்தாழ 17 வீதம் மெதுவாக ஓடின. திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. பாரிசிலும் பேர்லினிலும் விளையாடிய பிள்ளை, ரொறன்ரோவில் விளையாடிய தன் மைத்துனனைவிட மெதுவான மரியோவையே கண்டது. இன்று கணனியில் அமெரிக்கப் பதிப்பை இயக்குவோருக்கு அது விரைவாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அவர்களது நினைவு பொய்க்கவில்லை, பதிப்புத்தான் வேறு.

அவ்வாறாயின் எது மூலம்? இரண்டுமே மூலந்தான். ஒலிப்பகுதியின் கதை இதனினும் நுட்பமானது. அது நொடிக்கு 32,000 ஒலி மாதிரிகளை வழங்கவேண்டுமென்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் அதன் துடிப்பைத் தந்தது மலிவான மட்பாண்ட உறுப்பொன்று. 2025 இல் ஆர்வலர்கள் தத்தம் பெட்டிகளை அளந்தபோது, அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டு, ஏட்டுக் கணக்கினும் சற்று விரைவாக ஓடக் கண்டனர். வயது ஏற ஏற அந்த விரைவும் கூடுகின்றதோ என்ற கேள்வி எழுந்துள்ளது. இக்கேள்விக்கு எந்த எமுலேற்றரும் விடை தராது. உயிரோடிருக்கும் பெட்டிகளே தரவேண்டும்.

2021 யூன் மாத இறுதியில் பியூ மறைந்தார் என்ற செய்தி வெளியாயிற்று. தமது நிரலை யாவரும் வாசிக்கவும் திருத்தவும் கூடியவாறு அவர் வெளியிட்டிருந்தமையால், அப்பணி அவரோடு முடியவில்லை, பிறர் தொடர்கின்றனர். எனினும் காலம் அவர்களுக்காகக் காத்திராது. கசெற்றுகளில் ஆட்டத்தைச் சேமித்து வைத்திருந்த சிறு மின்கலங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. மின்தேக்கிகள் கசிகின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மூலம் எஞ்சியிருக்கும் வரையிலேயே பிரதியைத் திருத்த முடியும். மூலம் அழிந்தபின், எஞ்சிய பிரதி எதைச் சொன்னாலும் அதுவே உண்மையென ஏற்கவேண்டிய நிலை வந்துவிடும்.

ஆகவே வாசகர்களிடம் நாம் வேண்டுவது இதுவே. நிலவறையிலோ அலுமாரியின் மேற்றட்டிலோ பிள்ளைகளின் பழைய பெட்டியொன்று தூசுபடிந்து கிடக்குமாயின், அதைக் குப்பையோடு எறிந்துவிடாதீர்கள். ஒருமுறை துடைத்து, பிள்ளையை அருகில் அழைத்து, இயக்கிப் பாருங்கள். அது மெதுவாகத்தான் ஓடும். அன்றும் அவ்வாறே ஓடியது.