ஆயிரத்தில் ஒரு நொடி

பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ்ஸில் போனாலே வளைவுகளில் எனக்கு வயிறு கலங்கும். இதே போன்ற மலைச்சாலையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கால்களை முன்னே நீட்டிப் பாய்ந்தவர் ஷிவ கேசவன். மனாலி அருகே வசிஷ்ட் கிராமத்துக்காரர். 1998ல், 16 வயதில், நகானோவில் தொடங்கி 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் லூஜ் போட்டிகளில் கலந்துகொண்டார். நம் நாட்டில் அதற்கான செயற்கைப் பனித்தடம் இல்லாததால், சறுக்கு வண்டியில் சக்கரம் மாட்டி, லாரிகளுக்கு இடையே பழகினார்!

யூ ட்யூப் தளத்தில் அவர் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். ஒலிம்பிக் வீடியோ ஒன்றை இயக்கி, நடுவில் 'கே' கீயை அழுத்தி நிறுத்துங்கள். இனி முற்றுப்புள்ளி கீயைத் தட்டத் தட்டப் படம் ஒவ்வொரு பிரேமாக நகரும். காற்புள்ளி கீ பின்னோக்கி நகர்த்தும்.

நொடிக்கு 30 பிரேம் கொண்ட வீடியோவில், மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் செல்பவர் ஒரு பிரேமுக்குள் 1.2 மீட்டர் தாண்டிவிடுகிறார். போட்டிக்கு இந்தக் கணக்கு போதாது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒளிக்கற்றை வைத்து, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். அந்த நேரத்தில் வண்டி நகர்வது 3.6 செ.மீ.; எங்கள் ஊர் மலைப்பூண்டு ஒன்றின் அகலம்.