கத்தி எடுத்தவர் மட்டும்தான் குற்றவாளியா? "தூண்டுதல்" வழக்கு பாய்வது எப்படி?

"வெட்டுனது அவன் சார். எம் பையன் பைக் மட்டும்தான் ஓட்டுனான். அவன் மேல ஏன் கேஸ் போடுறீங்க?"

போலீஸ் நிலைய வாசலில் பெற்றோர் அழுதபடி கேட்கும் கேள்வி இது. இதற்கான பதில் "தூண்டுதல்" என்ற ஒரே வார்த்தையில் இருக்கிறது. "குற்ற உடந்தை" என்றும் இதை சொல்வார்கள்.

1860-ம் ஆண்டின் இந்திய தண்டனை சட்டத்தில் 107-வது பிரிவாக இருந்தது இது. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் (பி.என்.எஸ்.) 45-வது பிரிவாக உள்ளது. நம்பர்தான் மாறியதே தவிர அர்த்தம் மாறவில்லை.

3 வழிகள்

ஒருவர் 3 வழிகளில் இதில் மாட்டலாம்.

முதலாவது, ஏவி விடுவது. "அவனை போட்டுடு, மத்ததை நான் பாத்துக்குறேன்" என்று உசுப்பி விடுவது இந்த ரகம்.

இரண்டாவது, கூடி சதி செய்வது. திட்டம் போட்டு, அதன்படி ஒரு காரியமும் நடந்து விட்டால் திட்டத்தில் இருந்தவர்களும் சிக்குவார்கள்.

மூன்றாவது, தெரிந்தே உதவுவது. கத்தி கொடுப்பது, வண்டி ஓட்டுவது, தெருமுனையில் நின்று ஆள் வருகிறதா என்று நோட்டம் பார்ப்பது எல்லாம் இதில் வரும். திருடர்களுக்காக வாட்ச்மேன் வேண்டும் என்றே கேட்டை பூட்டாமல் விட்டாலும் உடந்தைதான்.

இதில் "தெரிந்தே" என்பதுதான் முக்கியம். கறி வெட்டத்தான் என்று நம்பி பக்கத்து வீட்டுக்காரர் அரிவாள் கொடுத்தால் அது குற்றம் ஆகாது. எதற்கு என்று தெரிந்து கொடுத்தால் குற்றம். பைக் ஓட்டிய பையனுக்கும் இதே கணக்குதான்.

தண்டனை என்ன?

தூண்டியபடி குற்றம் நடந்து விட்டால், தனியாக வேறு தண்டனை சொல்லப்படாத இடங்களில், செய்தவருக்கு உள்ள அதே தண்டனை தூண்டியவருக்கும் உண்டு (49-வது பிரிவு).

குற்றம் நடக்கா விட்டாலும் தப்ப முடியாது. கூலிப்படைக்கு பணம் கொடுத்து கொலை செய்ய சொல்கிறார் ஒருவர். கூலிப்படை ஆள் மறுத்து விடுகிறார். யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. ஆனாலும் பணம் கொடுத்தவருக்கு 7 ஆண்டு வரை ஜெயில் கிடைக்கலாம்.

வெளிநாட்டில் உட்கார்ந்து கொண்டு போனில் இங்கே ஆளை ஏவினாலும் வழக்கு உண்டு. இது புதிய சட்டத்தில் சேர்க்கப்பட்ட 48-வது பிரிவு.

18 வயது நிரம்பாத சிறுவர்களை குற்றம் செய்ய அமர்த்தினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. அந்த குற்றம் நடந்து விட்டால், தானே செய்தது போல அதற்கும் சேர்த்து தண்டனை. "சின்ன பையன்தானே, போலீஸ் விட்டுரும்" என்று பொட்டலம் கொடுத்து அனுப்புபவர்கள் இதை கவனிக்க வேண்டும்.

"போய் சாவு" என்றால்?

பேப்பரில் அதிகம் வருவது தற்கொலைக்கு தூண்டிய வழக்குகள். முன்பு 306, இப்போது 108-வது பிரிவு. 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். இறந்தவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் ஆயுள் தண்டனை, ஏன் மரண தண்டனைக்கே வழி இருக்கிறது.

ஆனால் கோபத்தில் சொன்ன எல்லா வார்த்தையும் தூண்டுதல் ஆகி விடாது. மத்திய பிரதேசத்தில் சண்டையின்போது ஒருவர் "போய் சாவு" என்றார். 2 நாள் கழித்து எதிராளி தற்கொலை செய்து கொண்டார். 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த வழக்கை ரத்து செய்தது. ஆத்திரத்தில் வந்த வார்த்தையை, சாக வைக்கும் எண்ணத்தோடு சொன்னதாக எடுக்க முடியாது என்பதே காரணம்.

அதே நேரம், திருமணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்து, கணவரோ அவரது உறவினர்களோ கொடுமை செய்தது நிரூபணமானால், அவர்கள்தான் தூண்டினார்கள் என்று கோர்ட்டு அனுமானிக்கலாம்.

"நான் கையால் தொடவே இல்லை" என்ற வாதம் மட்டும் யாரையும் காப்பாற்றாது. விஷயம் தெரிந்து "வண்டி எடுடா" என்று நண்பன் கூப்பிட்டால், அந்த இடத்திலேயே மறுத்து விட்டு வீடு திரும்புவதுதான் புத்திசாலித்தனம்.

(தற்கொலை எண்ணம் வந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு போன் செய்து மனம் விட்டு பேசலாம்.)