தத்துக் குழந்தையோடு தொலைதூரக் கார் பயணம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கோடை விடுமுறை நெருங்கினால் சென்னையிலும் கோவையிலும் குடியிருப்பவர்கள் வீட்டில் ஊருக்குப் போகும் பேச்சு தொடங்கிவிடும். கோயில் கொடை, குலதெய்வத்துக்கு மொட்டை, தாத்தா பாட்டியைப் பார்ப்பது என்று காரணம் ஏதாவது இருக்கும். அண்மையில் குழந்தையைத் தத்தெடுத்த பெற்றோருக்கு அந்தப் பேச்சு மகிழ்ச்சியோடு ஒரு தயக்கத்தையும் கொண்டு வருகிறது. ஒரு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து, பெற்றோருக்கு எழக்கூடிய சில சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

மூன்று வயதுக் குழந்தை. எங்களிடம் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சென்னையிலிருந்து காரில் திருநெல்வேலி போய்வரலாமா?

முடிந்தால் இந்த ஆண்டு தள்ளிப்போடுங்கள். 600 கிலோமீட்டருக்கு மேல். சின்னப் பிள்ளையோடு நின்று நின்று போனால் ஒரு பகல் முழுக்க வண்டியில்தான். ஆனால், தூரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தக் குழந்தை இதுவரை வண்டியில் ஏறிய முக்கியமான தருணங்களில் எல்லாம் இடம் மாறியிருக்கிறது. எங்கிருந்தோ, பிள்ளைகளைத் தத்துக்குக் கொடுக்கும் தத்துவள மையத்துக்கு, அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு. ஏறிய இடத்துக்கே திரும்பி வந்த அனுபவம் அதற்கு மிகக் குறைவு. பரணிலிருந்து நீங்கள் சூட்கேஸை இறக்கியதும் சில பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிலர் திடீரென்று சொன்னதை எல்லாம் கேட்கும் பிள்ளையாகிவிடுவார்கள். அதைப் பார்த்துப் பெற்றோர் சந்தோஷப்படுவது உண்டு, அது பயமாகவும் இருக்கலாம். மடித்து வைத்த தன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போடும் பிள்ளையை அடம் பிடிப்பதாக நினைத்து அதட்டிவிடாதீர்கள்.

கிளம்பினால் திரும்பி வருவோம் என்பதை முதலில் பழக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கடைக்குப் போய் வாருங்கள். பிறகு பீச், பூங்கா, பக்கத்து ஊர்க் கோயில். அடுத்ததாக ஓர் இரவு தங்கல்: சென்னைக்காரர்களுக்குப் புதுச்சேரி, கோவைக்காரர்களுக்குப் பழனி. இத்தனை மாதம் என்று கணக்குச் சொல்ல மாட்டேன். வெளியே போய்விட்டு வந்ததும் குழந்தை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன் பொம்மை இருக்கும் மூலைக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அந்த வீடு அதன் வீடாகிவிட்டது, தூரத்தைக் கூட்டலாம். அதுவரை தாத்தா பாட்டியை இங்கே வரவழையுங்கள்.

தத்து ஆணை இன்னும் கைக்கு வரவில்லை. வெளியூர் கூட்டிப்போனால் சட்டச் சிக்கல் வருமா?

ஆணை வரும் வரை குழந்தை உங்களிடம் வளர்ப்புப் பராமரிப்பில்தான் இருக்கிறது. 2021-ல் திருத்தப்பட்ட இளைஞர் நீதிச் சட்டப்படி, 2022 செப்டம்பர் முதல் இந்த ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். இந்த இடைவெளியில் வெளிமாநிலமோ நெடும் பயணமோ போவதாக இருந்தால், குழந்தையைத் தந்த மையத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, பராமரிப்புக்கு ஒப்படைத்த கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள். படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதையும் ஒத்திவையுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது.

ஆணை வந்து, உங்கள் பெயரைப் பெற்றோர் என்று குறித்த பிறப்புச் சான்றிதழும் கிடைத்துவிட்டால் கவலை இல்லை. ஓட்டலிலோ வழியிலோ யாராவது கேட்டால் பிறப்புச் சான்றிதழைக் காட்டுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டுவது அதுதான். தத்து ஆணையை வரவேற்பு மேசையில் விரித்து வைக்க வேண்டிய தேவை இல்லை.

பேபி சீட்டில் உட்காரவைத்தால் அலறுகிறது. மடியில் வைத்துக்கொண்டால்தானே பாசமும் வளரும்?

பல அம்மாக்களின் மனதில் இருக்கும் கேள்வி இது. அதன் பின்னால் இருக்கும் ஆசையும் நியாயமானது. ஆனாலும் ஓடும் காரில் மடி பாதுகாப்பான இடமே இல்லை. வண்டி மோதும் நொடியில் பத்துக் கிலோ குழந்தையின் எடை பல மடங்காகிவிடும், எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ அவர்களுக்கான இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. இரண்டு வயது வரையாவது பின்னோக்கிய இருக்கையில், பின் சீட்டில் உட்காரவைப்பதே நல்லது. ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் பொருத்தக் கூடாது.

அலறுவதற்குக் காரணம் இருக்கிறது. வாரைப் போட்டு இறுக்கியதும் தன்னைக் கட்டிப்போட்டுவிட்டதாகவே குழந்தைக்குத் தோன்றும். அந்த இருக்கையை முதலில் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வையுங்கள். கரடி பொம்மையை உட்காரவைத்துக் குழந்தையையே பக்கிளைப் போடச் சொல்லுங்கள். பிறகு நிற்கும் காரில் ஐந்து நிமிடம் கதை. பயணத்தில் அம்மாவோ அப்பாவோ ஒருவர் பின்னால் குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு விரலை அது பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் நிறுத்துங்கள். நிறுத்தும்போதெல்லாம் மடி அதற்குத்தான்.

அதிகாலை மூன்று மணிக்கு, தூங்கும் குழந்தையை அப்படியே தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாமா? டிராஃபிக்கும் இருக்காது.

வேண்டாம். தூங்கும்போது ஓரிடம், விழிக்கும்போது வேறிடம் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டல்ல. தூக்கத்தோடு கைமாறிய அனுபவம் சிலருக்கு இருக்கக்கூடும். ஓட்டுபவருக்குக் கண் சொக்குவதும் அந்த நேரத்தில்தான். ஐந்து, ஐந்தரைக்கு எழுப்பி முகம் கழுவி, பால் கொடுத்து, கதவைப் பூட்டுவதைக் குழந்தைக்குக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். சாவியை அதன் கையில் ஒரு நிமிடம் கொடுங்கள். முந்தின நாளே, ‘நாலு தடவை தூங்கி எழுந்தால் நம்ம வீட்டுக்கு வந்துடுவோம்’ என்பது போலச் சொல்லி வைப்பது உதவும். தேதி புரியாத வயதிலும் தூக்கத்தின் கணக்குப் புரியத் தொடங்கியிருக்கும்.

ஓட்டலில் எது வாங்கிக் கொடுத்தாலும் அளவில்லாமல் சாப்பிடுகிறது, பிஸ்கட்டைப் பையில் ஒளித்து வைக்கிறது. கண்டிக்கலாமா?

கண்டிக்காதீர்கள். மையங்களில் எல்லாமே மணிப்படி நடக்கும். எட்டு மணிக்கு இட்லி என்றால் எட்டு மணிக்கு இட்லி. வழியில் அந்த ஒழுங்கு கலையும்போது அடுத்த வேளை வருமா என்ற கவலை பிள்ளைக்கு வந்துவிடுகிறது. ‘பசித்தால் நிறுத்தலாம்’ என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, வீட்டில் கொடுக்கும் அதே நேரத்துக்கு வண்டியை நிறுத்துங்கள். ஒரு சிறிய டப்பாவில் அவல் பொரியோ பிஸ்கட்டோ போட்டு அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள், தீர்ந்தால் நிரப்புங்கள். அது தின்னாமல் வைத்திருந்தாலும் பரவாயில்லை. குடும்பத்தின் ஒவ்வாமை வரலாறு தெரியாத குழந்தை என்பதால், வேர்க்கடலை, இறால் போன்றவற்றை முதன்முதலாக நெடுஞ்சாலையில் வைத்துக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

மலைப் பாதையில் வாந்தி வராமலிருக்கவும் தூங்கவைக்கவும் மெடிக்கலில் சிரப் வாங்கி ஊற்றும் பழக்கமும் வேண்டாம். குழந்தைகள் நல மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டும் கூடாது.

குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து எல்லாம் ஒன்றாக வைத்துவிடலாம் என்கிறார் மாமியார்.

குழந்தையைக் குலத்தில் சேர்த்துக்கொள்ளும் ஆசையோடு அவர் சொல்கிறார். அந்த மனசுக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு குழந்தையின் கண்ணால் அந்தக் காலைப் பொழுதை அவருக்கு விளக்குங்கள். இதுவரை பார்த்திராத தாய்மாமன் மடி. தலையை அழுத்திப் பிடிக்கும் அந்நியக் கை, ஈரத் தலையில் கத்தி. அது முடிந்ததும் இரண்டு காதிலும் ஊசி. சுற்றிலும் முப்பது நாற்பது பேர் சிரித்துக்கொண்டு நிற்க, அழும் குழந்தையைத் தூக்க அம்மாவுக்கே வழி கிடைக்காது.

பொங்கல் மட்டும் வைத்துச் சாமி கும்பிட்டுவிட்டு வாருங்கள். மொட்டையும் காதுகுத்தும் அடுத்த ஆண்டு. அதற்குள் தாய்மாமன் நாலைந்து முறை உங்கள் வீட்டுக்கு வந்து விளையாடிவிட்டுப் போகட்டும். வேண்டுதலுக்குக் காலம் தள்ளிப்போனால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று பூசாரியே சொன்னால் மாமியாரும் சம்மதித்துவிடுவார். பூசாரியிடம் முன்கூட்டியே பேசுங்கள். காதுகுத்து நடக்கும்போது மடி யாருடையதாக இருந்தாலும் குழந்தையின் கை அம்மா கையிலோ அப்பா கையிலோ இருக்க வேண்டும்.

சொந்தக்காரர்கள் ‘யார் ஜாடை?’ என்று குழந்தை எதிரிலேயே பேசுகிறார்களே?

‘எங்க பொண்ணு’ என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். தத்தெடுத்ததை மறைக்க வேண்டாம். குழந்தைக்குச் சிறு வயதிலிருந்தே கதைபோலச் சொல்லி வளர்ப்பதே சரி. ஆனால், அதன் பிறப்பு விவரம் குழந்தையின் சொத்து. அத்தைகளுக்கும் ஓட்டல் மேசையில் எதிரே அமர்ந்தவருக்கும் அதில் பங்கு கிடையாது. போகுமுன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சொல்லி வைத்தால், அங்கே அவர் பார்த்துக்கொள்வார்.

போகும் வழியில் எங்கள் பையன் இருந்த மையம் உள்ள ஊர் வருகிறது. இறங்கி ஆயாவைப் பார்த்துவிட்டுப் போகலாமா?

வந்து சில மாதமே ஆன குழந்தை என்றால் அந்த ஊரில் தேநீருக்குக்கூட நிறுத்தாதீர்கள். அந்தக் கேட்டைக் கண்டதுமே திருப்பிக் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிடும். ஆயாவிடம் வீடியோ காலில் பேசலாமா என்று மையத்தைக் கேட்டுப் பாருங்கள். நாலைந்து வயதாகி, நன்றாக வேரூன்றிய பிள்ளை தானே கேட்டால் கூட்டிப்போங்கள். தனிப் பயணமாக, முன்பே சொல்லி, அன்றைக்கே திரும்பும்படியாக.

தனியாக வளர்க்கும் அம்மா நான். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நானே ஓட்டிப்போகலாமா?

மூன்று மணி நேரத்துக்கு மேல் என்றால் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகிய தோழியோ சித்தியோ போதும். முடியாவிட்டால் ரயிலைப் பாருங்கள்.

பாதி வழியில் அழுகை நிற்கவே இல்லை என்றால்?

முதலில் பாதுகாப்பாக நிறுத்தி இறக்கி, தூக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடங்கள். காய்ச்சலோ காது வலியோ இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டிக்கு ஏதாவது என்றால் 1033, உடல்நலக் கோளாறு என்றால் 108. உடம்பில் ஒன்றும் இல்லாமல், ஒவ்வொரு முறை காரைக் கண்டதும் விறைத்துப்போகிறது என்றால் திருச்சி வரை வந்திருந்தாலும் அங்கேயே இரவு தங்கிவிட்டு மறுநாள் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஊரில் சமைத்து வைத்துக் காத்திருப்பவர்களுக்கு வருத்தம்தான், போனில் சொல்லிக்கொள்ளலாம். வீடு வந்த பிறகும் சில நாட்கள் தூக்கமும் சாப்பாடும் சீராகவில்லை என்றால் மையத்தின் சமூகப் பணியாளரை அழையுங்கள். குழந்தை உங்களிடம் வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலவரம் கேட்க வேண்டியவர்கள் அவர்கள். அந்த முறை வரும் வரை காத்திருக்காமல் நீங்களே போன் செய்யலாம்.