பதின்ம வயதினரின் பள்ளி வருகை

பள்ளி வருகை என்பது பள்ளி நடைபெறும் நாட்களில் மாணவர் வகுப்பில் இருப்பதைக் குறிக்கும். பள்ளியில் சேர்ந்திருப்பது வேறு, வருகை வேறு. பதிவேட்டில் பெயர் இருந்தும் வகுப்புக்கு வராத மாணவர், சேர்க்கைப் புள்ளிவிவரங்களில் படிப்பவராகவே எண்ணப்படுகிறார். பதின்ம வயதில் இவ்வேறுபாடு பெரிதாகிறது. சிறு குழந்தை பள்ளிக்குச் செல்லாதிருப்பதற்குப் பெரும்பாலும் நோயோ பெற்றோரின் முடிவோ காரணமாக இருக்கும். பதின்ம வயதினரிடம் வேலை, தொலைவு, தேர்வுத் தோல்வி, திருமணம், சலிப்பு ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் பள்ளி நாட்களில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வராதிருத்தல் தொடர் வருகையின்மை எனப்படுகிறது. ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள் எனக் கொண்டால் இது 18 நாட்கள், அதாவது மாதத்திற்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆகும். விடுப்புக் கடிதம் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் கணக்கு ஒன்றே. மாதத்திற்கு இரண்டு நாள் என்பது வீட்டில் எவருக்கும் பெரிதாகத் தோன்றாது என்பதே இதிலுள்ள சிக்கல்.

சிகாகோ ஆய்வுகள்

வருகையின் முக்கியத்துவத்தைத் தெளிவாகக் காட்டியவற்றுள் சிகாகோ நகர அரசுப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்களான எலேன் ஆலன்ஸ்வொர்த், ஜான் ஈஸ்டன் ஆகியோர் 2005, 2007 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகள் 9ஆம் வகுப்பை ஆராய்ந்தன. அந்நாட்டில் உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டு இதுவே. மாணவர் புதிய பள்ளிக்கு மாறுகிறார். பாடத்திற்கு ஓர் ஆசிரியர் என்றாகிறது. அவர் வராததை உடனே கவனிக்கும் வகுப்பாசிரியர் இல்லாமற் போகிறார்.

2000-01 கல்வியாண்டில் 9ஆம் வகுப்பில் சேர்ந்தவர்களுள், ஒரு பருவத்தில் ஒரு வாரத்திற்கும் குறைவாக வராதிருந்தோரில் 87 விழுக்காட்டினர் நான்கு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்தனர். ஐந்து முதல் ஒன்பது நாட்கள் வராதவர்களில் 63 விழுக்காட்டினரே முடித்தனர். 9ஆம் வகுப்புப் பாடங்களில் ஒருவர் தோல்வியடைவாரா என்பதை முன்கணிப்பதில், அவர் முன்பு பெற்ற தேர்வு மதிப்பெண்களைவிட வருகை எட்டு மடங்கு வலுவானதாக இருந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளை சில நாட்கள் போகாவிட்டாலும் ஈடுகட்டிவிடும் என்ற பரவலான நம்பிக்கையை இம்முடிவு ஆட்டங்காணச் செய்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வராமையே தோல்விக்குக் காரணம் என்று இவ்வெண்கள் மட்டும் நிறுவிவிடவில்லை. வீட்டின் வறுமை, நோய், பள்ளியில் துன்புறுத்தல் ஆகியன இரண்டையும் ஒருசேர விளைவிக்கலாம். எனினும் கணிதம், அறிவியல் போன்ற பாடங்களில் ஒரு பாடம் முந்தைய பாடத்தின் மேல் நிற்பதால், விடுபட்ட நாட்கள் அடுத்து வரும் நாட்களையும் பயனற்றதாக்குகின்றன. புரியாத வகுப்பில் உட்கார விரும்பாத மாணவர் மேலும் விலகுகிறார்.

இவ்வறிக்கைகளுக்குப் பின் சிகாகோ பள்ளிகள் ஒவ்வொரு மாணவரின் வருகையையும் மதிப்பெண்ணையும் ஆண்டு முடியும் வரை காத்திராமல் அவ்வப்போது பார்த்து, பின்தங்கியவரின் வீட்டைத் தொடர்புகொள்ளத் தொடங்கின. 9ஆம் வகுப்பில் தக்க முன்னேற்றம் காட்டியோர் 2007 இல் 57 விழுக்காடாக இருந்து 2013 இல் 82 விழுக்காடாயினர்.

இந்தியாவில்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. 2016 இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 முதல் 18 வயதினரை ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடை செய்கிறது. ஆகவே 9ஆம் வகுப்பை ஒட்டிய வயதில் பள்ளியின் கட்டாயம் விலகுகிறது. வேலைக்கான வழியும் திறக்கிறது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகையை வேண்டுகிறது. ஆனால் இவ்விதி தேர்வு வரை வந்தவர்களையே தொடும். இடையில் நின்றவரைத் தொடாது.

தொலைவு பெண் பிள்ளைகளை மிகுதியாகத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் விலையில்லா மிதிவண்டி 11ஆம் வகுப்பில் வழங்கப்படுகிறது. 9ஆம் வகுப்பில் நின்றுவிட்ட மாணவிக்கு அது கிடைப்பதில்லை. பீகார் அரசு 2006 இல் 9ஆம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கே மிதிவண்டி வாங்கப் பணம் தந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் ஆய்வின்படி, அவ்வயது மாணவிகளின் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்தது. ஆண், பெண் சேர்க்கை இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர்களிலேயே பயன் மிகுதி. இவை சேர்க்கையின் அளவுகளே, அன்றாட வருகையின் அளவுகள் அல்ல. வருகையை நேரடியாக அளந்த ஆய்வு பின்னர் ஆப்பிரிக்காவின் சாம்பியாவில் நடந்தது. அங்கு மிதிவண்டி பெற்ற மாணவிகள் வராத நாட்கள் கால் பங்குக்கும் மேல் குறைந்தன. தாமதமாக வருவதும் குறைந்தது.