அம்மையார் கூறிய இசைக்கருவிகள்

திருமுறைகளிற் பயிலும் இசைக்கருவிப் பெயர்கள் பலவற்றிற்கு, 'ஒருவகை வாத்தியம்' என்று மட்டுமே பொருள் எழுதிச் செல்வது உரைகாரர் பலர்க்கு வழக்கமாயிற்று. அவ்வளவில் அமைதல் தகுமோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

காவேரிப்பாக்கத்தினின்று சென்னை செல்லும் வழியில் யாம் திருவாலங்காட்டை வழிபட்டு, மறுநாள் எழும்பூரிலுள்ள அரசினர் பொருட்காட்சிசாலையின் இசைக்கருவிப் பகுதியைக் கண்டோம். இச்சாலை 1851இல் தோன்றியது. இதன் இசைக்கருவிகளுக்குப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி 1931இல் விளக்க அட்டவணை ஒன்று வெளியிட்டார். ஆலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் காரைக்காலம்மையார், ஏழிசையின் பெயர்களோடு தக்கை, கொக்கரை, கரடிகை, தமருகம், மொந்தை, குடமுழா முதலிய கருவிகளையும் எண்ணுதலின், அப்பதிகத்தை நெஞ்சிற்கொண்டே அவற்றை நோக்கினோம்.

இவற்றுள் குடமுழா இன்றும் அறியப்படுவது. திருவாரூரிலும் திருத்துறைப்பூண்டியிலும் பஞ்சமுக வாத்தியம் என வழங்கும் அது, தோல் போர்த்த ஐந்து வாய்களையுடைய உலோகக் குடம். நடுவாய் பெரிது, ஏனைய நான்கும் அதனைச் சூழ்ந்தன. ஈசானம் முதலிய ஐந்து திருமுகங்களோடு அவ்வைந்து வாய்களையும் பொருத்திக் கூறுவர்.

கொக்கரையோ ஐயத்திற்கு இடமானது. நிகண்டு வழியே வலம்புரிச்சங்கு என்பாருளர். பொதியமலைச் சாரலிற் காணிக்காரர் கொக்கரை என்பது, பல்வரிசை வெட்டிய இருப்புக்குழல். இருப்புக்கோலால் உரசி ஒலிப்பிக்கப்படுவது. ஒரு பெயர் இருபொருட்கு வழங்குதலின், இடம் நோக்கியே பொருள் துணிதல் வேண்டும்.

யாழின் நிலை இவற்றினும் இரங்கத்தக்கது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் கையிலிருந்த அக்கருவியின் பழைய வடிவம் ஒன்றேனும் இன்று நமக்குக் கிடைத்திலது. விபுலாநந்த அடிகள் நூற்சான்றுகளைக் கணக்கோடு ஆராய்ந்து, 1947இல் 'யாழ்நூல்' வெளியிட்டமையாலன்றோ அதனைப்பற்றி ஓரளவு தெளிவு பெற்றோம்!

தோற்கருவி பற்றியும் ஒன்று கூறவேண்டும். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்னும் எம் பக்கத்தூர்களில் தோல் பதனிடுதல் பெருந்தொழில். காலணிக்குப் பதனிட்டு மென்மையாக்கிய தோல் முழவிற்கு உதவாது. மயிர் நீக்கி உலர்த்திய பச்சைத்தோலே இழுத்துக் கட்டியவழி முழங்கும். இத்தகைய செய்தி உரைகளிற் காணப்படுவதில்லை. தொழிலறிந்தாரைக் கேட்டே அறிதல் வேண்டும்.

கருவி சடம், உயிர் கூடியவழியே தொழிற்படும் என்பது நம் சித்தாந்தம். கண்ணாடிப் பேழையிலுள்ள முழவும் அத்தன்மைத்தே. வடிவினைப் பொருட்காட்சிசாலை காட்டும். பெயரினைத் திருமுறை தரும். ஓசையோ வாசிப்பாரிடத்து மட்டுமே உளது. அவர் மரபு அற்றால் பின் எந்நூலாலும் அதனை மீட்டல் அரிது. ஆதலின் திருமுறைக்கு உரை எழுதப் புகுவோர் இம்மூன்றிடத்தும் சென்று வினாவி, ஒவ்வொரு கருவிக்கும் வடிவும் பொருளும் வாசிக்கும் முறையும் விளங்க எழுதுவாராக.