வில்லும் பூட்டும்: கடிகாரமும் துப்பாக்கியும் பிறந்த பட்டறை



அம்பாங்கானைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு இரண்டு பொறிகள் நினைவிலிருக்கும். ஒன்று, அலுவலகச் சுவரில் தொங்கிய கடிகாரம். அதைப் பார்த்தே விடியற்காலைப் பிரட்டுக்கு மணி அடிப்பார்கள். மற்றொன்று, துரையின் பங்களாவில் இருந்த துப்பாக்கி. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டக் காவலர் தோளிலும் அது ஏறியது. ஒன்று நம் பெற்றோரின் பொழுதை ஆண்டது. மற்றொன்று அவர்களை அஞ்ச வைத்தது. இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

என் தந்தையார் ஒவ்வோர் இரவும் உறங்கப் போகுமுன் தம் கைக்கடிகாரத்துக்குச் 'சாவி கொடுப்பார்'. சிறுவனாகிய எனக்கு ஓர் ஐயம். சாவி என்றால் பூட்டு இருக்க வேண்டுமே. கடிகாரத்தில் பூட்டு எங்கே? பின்னாளில் மொழியியல் பயின்றபோதுதான் அவ்வையம் வெறும் குழந்தைக் கேள்வி அன்று என்பது விளங்கிற்று. அதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

பூட்டுத் தொழிலாளியின் இரு மக்கள்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியின் நூரன்பர்க் நகரில் பீட்டர் ஹென்லைன் என்பவர் கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு கடிகாரங்களைச் செய்து புகழ்பெற்றார். அவர் தொழிலால் பூட்டுச் செய்பவர். இரும்பை நுண்ணியதாக அராவி, விசையும் நெம்பும் பொருந்தச் செய்யும் கைத்திறம் அந்நாளில் பூட்டுப் பட்டறையில்தான் இருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஐரோப்பாவில் சக்கர விசைத் துப்பாக்கி தோன்றியது. அதற்கு முந்திய துப்பாக்கியைச் சுடத் தீத்திரி வேண்டும். புதிய துப்பாக்கியில் ஓர் எஃகுச் சக்கரம், வலிய வில், இரண்டையும் இணைக்கும் சிறு சங்கிலி ஆகியவை இருந்தன. சாவியால் சக்கரத்தைத் திருகி வில்லை முறுக்கி வைப்பர். விசையை இழுத்தால் சக்கரம் சுழன்று கல்லில் உராய்ந்து தீப்பொறி எழும். இந்த அமைப்பைக் கண்ட கடிகாரக் கைவினைஞன் தன் தொழிலையே கண்டிருப்பான். அவன் கடிகாரத்துக்கும் அன்று தனிச் சாவியே இருந்தது.

எனவேதான் துப்பாக்கியின் சுடுபொறியை ஆங்கிலத்தார் 'லாக்' என்றும் செருமானியர் 'ஷ்லோஸ்' என்றும் வழங்கினர். இரண்டுக்கும் பூட்டு என்பதே பொருள்.

தடுத்தலும் விடுத்தலும்

பூட்டு என்பது என்ன? ஒரு விசையைத் தடுத்து நிறுத்தி, உரிய நேரத்தில் மட்டும் விடுவிக்கும் பொறி. துப்பாக்கியில் முறுக்கிய வில்லை ஒரு சிறு கொக்கி பிடித்து நிற்கிறது. விரல் பட்டதும் கொக்கி விலக, அடக்கி வைத்த ஆற்றல் முழுவதும் ஒரே கணத்தில் வெளிப்படுகிறது. கடிகாரத்திலும் முறுக்கிய சுருள்வில் உண்டு. அதைத் தடுக்கும் கொக்கியும் உண்டு. ஆனால் அக்கொக்கி ஒரு பல்லை விட்டு மறு பல்லைப் பிடித்து, ஆற்றலைத் துளித்துளியாகக் கசியவிடுகிறது. பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றில் இது மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை நிகழும். நாம் கேட்கும் 'டிக் டிக்' ஓசை, பூட்டு மாறி மாறிப் பூட்டித் திறக்கும் ஓசையே.

அரமும் நெருப்பும்

உறவு அமைப்பில் மட்டுமன்று, கைவேலையிலும் உண்டு. வில்லுக்குரிய எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சித் தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் கண்ணாடி போல் ஒடியும். மீண்டும் மெல்லச் சூடேற்ற வேண்டும். எஃகின் முகத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள், பின் பழுப்பு, பின் ஊதா, ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் நீலம் தோன்றும். அந்நீலமே வில்லுக்குரிய பதம். உயர்தரக் கடிகாரத்தின் திருகாணிகளிலும் முட்களிலும் நாம் காணும் நீலம் பெரும்பாலும் இவ்வாறு நெருப்பில் பிறந்ததே. துப்பாக்கி வினைஞனும் தன் திருகாணிகளையும் சிற்றுறுப்புகளையும் அவ்வாறே நீலமேற்றினான். நம் கொல்லர் இவ்வேலையைத் தோய்ச்சல் என்றனர்.

1814இல் இலண்டனில் தொடங்கிய பர்டி போன்ற நிறுவனங்களின் வேட்டைத் துப்பாக்கிகளில் இன்னொரு முறையையும் காணலாம். ஓர் உறுப்பை விளக்குப் புகையில் காட்டிக் கரி படியச் செய்து, மற்றோர் உறுப்போடு பொருத்தி எடுப்பர். கரி ஒட்டிய இடமே மேடு. அதை மட்டும் அரத்தால் தேய்ப்பர். கரி எங்கும் சீராக ஒட்டும்வரை இது தொடரும்.

இவ்வுறவு ஆலைத் தொழிலிலும் தொடர்ந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில், எந்தத் துப்பாக்கியின் உறுப்பும் மற்றொன்றுக்குப் பொருந்துமாறு ஒரே அளவில் செய்யும் முறையை ஆரன் டெனிசன் கண்டார். அம்முறையிலேயே கடிகாரமும் செய்யலாம் என எண்ணி, 1850இல் அவர் கூட்டாளிகளுடன் தொடங்கிய முயற்சியே பின்னர் புகழ்பெற்ற வால்தம் கடிகார நிறுவனமாயிற்று. தமிழ்நாட்டிலும் இவ்விரு தொழில்கள் வேரூன்றின. திருச்சிராப்பள்ளியில் 1966இல் படைக்கலத் தொழிற்சாலை அமைந்தது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984இல் நிறுவிய டைட்டன், ஓசூரில் கடிகார ஆலை கண்டது.

சொற்களில் ஒளிந்த விலங்குகள்

இனி மொழிக்கு வருவோம். துப்பாக்கியில் வில்லின் வலியால் பாய்ந்து அடிக்கும் உறுப்பை ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் 'சேவல்' என்றனர். பிரெஞ்சுக்காரர் 'நாய்' என்றனர். தமிழர் 'குதிரை' என்றனர். மலாய்மொழியில் 'பெலாத்துக்' என்பது மரங்கொத்தியையும் குறிக்கும், துப்பாக்கியின் இவ்வுறுப்பையும் குறிக்கும். நாம் அன்றாடம் கேட்கும் 'செனாப்பாங்' என்னும் சொல்லோ டச்சு மொழியின் 'ஸ்னாப்ஹான்' என்பதன் திரிபு. கொத்தும் சேவல் என்பது அதன் பொருள். நெகிரி செம்பிலானில் வழங்கும் ஒரு சொல்லுக்குள் ஐரோப்பியப் பட்டறை ஒன்றின் சேவல் இன்றும் கூவுகிறது.

கடிகாரத்தின் கதையும் இதுவே. 'சாவி' போர்த்துகீசியர் தந்த சொல். கடிகாரத்தின் தனிச்சாவி மறைந்து, பக்கவாட்டுத் திருகு வந்த பின்பும் நாம் 'சாவி கொடுத்தல்' என்றே சொல்லி வந்தோம். மலாய்க்காரர் விழிப்புமணி வைப்பதைக் 'குன்ச்சி ஜாம்' என்பர். குன்ச்சி என்பது சாவி. பொருள் மறைந்த பின்பும் சொல் சான்று கூறுகிறது. என் சிறுவயது ஐயத்துக்கு விடை இதுதான்: கடிகாரமே ஒரு பூட்டு.

நம் கடமை

பூட்டுத் தொழில் நமக்கு அயலானது அன்று. திண்டுக்கல்லில் நெம்புத் தகடுகளைக் கையால் அராவி, பூட்டுக்கேற்பச் சாவி செய்யும் மரபு இன்றும் உள்ளது. மாங்காய் வடிவப் பூட்டு அவ்வூரின் அடையாளம். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'சுருள்வில்' என்னும் நம் கலைச்சொல்லில் வில் இருக்கிறது. பூட்டுதல் என்னும் வினையோ ஏருக்கும் வில்லின் நாணுக்கும் உரியது. செய்யுளின் முதற்சொல்லையும் ஈற்றுச்சொல்லையும் இணைத்துப் பொருள் காண்பதைப் 'பூட்டுவிற் பொருள்கோள்' என்று வகுப்பறையில் கற்பிக்கிறோமே, அங்கும் இவ்விரு சொற்களும் கைகோத்து நிற்கின்றன.

ஆயினும் கலைச்சொற் பட்டியல்கள் வளரும் வேகத்தில் கைவினைஞர் சொற்கள் மறைகின்றன. தோய்ச்சல் என்றால் என்னவென்று என் மாணவர்களிடம் கேட்டேன்; ஒருவரும் அறிந்திலர். மின்கலக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த தலைமுறைக்கு அத்தொடரும் வேண்டாததாகிவிடும். ஒரு சொல் போனால் அதனுள் இருந்த பட்டறையும் போகும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர், கொல்லர், பூட்டுச் சாவி செய்பவர் ஆகியோரிடம் மாணவர்களை அனுப்புங்கள். ஒவ்வோர் உறுப்பையும் அவர் எப்பெயரால் அழைக்கிறார் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் எதுவாயினும் திருத்தாமல் எழுதட்டும். திருத்துவதற்குப் பின்னர் நேரமிருக்கும். கேட்பதற்கு நெடுங்காலம் இல்லை.